கிட்ஹப் பேஜஸில் 404 பக்கம்: சிறிய தமிழ் அமைப்புகளுக்கு ஏற்றதா?

பெங்களூரு அல்சூரில் இயங்கும் எங்கள் வாசகர் வட்டம், பழைய ஆண்டு மலர்களைப் பிடிஎஃப் கோப்புகளாக வைத்திருக்கும் இணையதளத்தைக் கட்டண ஹோஸ்டிங்கிலிருந்து, கிட்ஹப்பின் இணையதள வெளியீட்டுச் சேவையான கிட்ஹப் பேஜஸுக்கு மாற்றியிருக்கிறது. இல்லாத கோப்பைத் தேடி வருபவரை இந்தச் சேவை எப்படி நடத்துகிறது என்பதை மட்டுமே இங்கு மதிப்பிடுகிறேன். எங்கள் வாசகர்களில் பலர் வாட்ஸ்அப்பில் பல கை மாறிய பழைய இணைப்புகள் வழியாகவே வருவதால், எங்களுக்கு அதுவே முதன்மையான கேள்வி.

கேட்ட கோப்பு இல்லை என்று வாசகருக்குச் சொல்லும் 404 பக்கத்தை அமைப்பது எளிது. 404.எச்டிஎம்எல் என்ற கோப்பை வெளியீட்டு மூலத்தின் (தளத்தின் கோப்புகள் இருக்கும் அடைவின்) மேல்மட்டத்தில் வைத்தால் போதும். சர்வர் அமைப்பு எதையும் தொட வேண்டியதில்லை. அதைவிட முக்கியம், கோப்பு இல்லை என்று உலாவிக்கும் தேடுபொறிக்கும் தெரிவிக்கும் 404 என்ற நிலைக் குறியீட்டுடனேயே அந்தப் பக்கம் செல்கிறது என்பது. முந்தைய ஹோஸ்டிங்கில் இல்லாத முகவரிகள் அனைத்தும் முகப்புக்குத் திருப்பிவிடப்பட்டன. தேடிய மலர் என்னவாயிற்று என்பது வாசகருக்கும் புரியவில்லை, கோப்பு இல்லை என்பது தேடுபொறிக்கும் தெளிவாகத் தெரியவில்லை. அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளில், பிழைப் பக்கம் எது என்று சொல்லும் எர்ரர்டாக்குமென்ட் கட்டளைக்கு உள்பாதையைத் தராமல் எச்டிடிபி என்று தொடங்கும் முழு முகவரியைத் தந்தாலும் இதே நிலைதான்: 404 மறைந்து, திருப்பிவிடும் குறியீடே உலாவிக்குச் செல்லும். கிட்ஹப் பேஜஸில் அந்தத் தவறுக்கு இடமில்லை.

கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எவ்வளவு ஆழமான அடைவு முகவரியைக் கேட்டாலும் அதே 404 பக்கம்தான் வருகிறது. உலாவியில் முகவரி மாறுவதில்லை. ஆகவே படங்களுக்கும், தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் கோப்புக்கும் சார்புப் பாதை (கேட்ட முகவரியின் அடைவிலிருந்து கணக்கிடப்படும் பாதை) கொடுத்திருந்தால் பக்கம் அலங்கோலமாகத் தெரியும். சாய்கோட்டில் (/) தொடங்கும் பாதையைத் தர வேண்டும். சொந்த டொமைன் இல்லாத புராஜெக்ட் தளமானால் அந்தப் பாதையின் தொடக்கத்தில் ரிப்பாசிட்டரியின் (கிட்ஹப்பில் தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் களஞ்சியத்தின்) பெயரையும் சேர்க்க வேண்டும். முகவரி மாறாமலிருப்பதில் ஒரு நன்மையும் உண்டு: சிறிய ஜாவாஸ்கிரிப்ட் மூலம் அதைப் படித்து, வாசகர் தேடிய மலரின் பெயரைத் தேடல் பெட்டியில் முன்னதாகவே நிரப்பிவிடலாம்.

குறைகள் இரண்டு. சர்வர் பதிவேடுகள் நமக்குக் கிடைப்பதில்லை என்பதால், எந்தக் கோப்பைத் தேடி ஏமாந்தார்கள் என்பதை அறியத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். பழைய முகவரியைப் புதியதற்குத் திருப்பும் சர்வர் வசதியும் இல்லை. தளத்தின் பக்கங்களை உருவாக்கும் ஜெகில் மென்பொருளின் ரீடைரக்ட் நீட்சி பக்கங்களுக்கு உதவும், பிடிஎஃப் கோப்புகளுக்கு உதவாது.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் எந்தச் சேவையிலும் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகள் கொள்வதாலும், முகவரியில் ஒவ்வொரு பைட்டும் % குறியுடன் 3 எழுத்துகளாக எழுதப்படுவதாலும், புள்ளியோடு சேர்த்து 4 குறிகள் கொண்ட 'மலர்' என்ற சிறிய சொல்லே முகவரியில் 36 எழுத்துகளாக நீளும். இத்தகைய நீண்ட இணைப்பு நகலெடுக்கும்போது எளிதில் அறுபடுகிறது. மேலும், 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியும் சேர்ந்த இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் சர்வருக்கு அவை வெவ்வேறு கோப்புகள். நாங்கள் கோப்புப் பெயர்களை ஆங்கிலச் சிற்றெழுத்துகளுக்கு மாற்றி, தமிழ்ப் பெயரைப் பக்கத்துக்குள் வைத்துக்கொண்டோம். இந்த முடிவு வருத்தம் தந்தாலும் அவசியமானது.

எங்களைப் போன்ற அமைப்புகளுக்கு இந்தச் சேவையை மனமாரப் பரிந்துரைக்கிறேன். பொது ரிப்பாசிட்டரிக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் வெளியிடும் தளம் 1 ஜிபியைத் தாண்டக் கூடாது. அதற்காகப் பெரிய ஸ்கேன் கோப்புகளை வேறிடத்தில் வைத்தால், அவை காணாமல்போகும் நாளில் வாசகர் காண்பது நம்முடைய தமிழ்ப் பக்கத்தை அல்ல, அந்த இடத்தின் பிழைச் செய்தியைத்தான்.