20 கிலோ காம்போ செட்டா, பெரியமேட்டு இரும்பா?

ஆன்லைனில் ஹோம் ஜிம் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது அந்தக் கறுப்பு பிவிசி செட்தான். 20 கிலோ பிளேட், இரண்டு டம்பெல் ராட், மூன்றடி ராட் ஒன்று, கூடவே கையுறை, ஸ்கிப்பிங் கயிறு, ஹேண்ட் கிரிப்பர் என்று ஒரு மூட்டை சாமான். எங்கள் வீட்டில் தம்பி வாங்கிய அந்த செட்டும் இருக்கிறது, நான் சென்னை பெரியமேட்டில் வாங்கிய இரும்பு பிளேட்டும் இருக்கிறது, இரண்டையும் மாறி மாறித் தூக்குகிறேன். காசு யோசித்துச் செலவழிப்பவர்கள்தான் முக்கியமாக பிவிசி பக்கம் போகக் கூடாது என்பது என் கட்சி.

காரணம் எளிது. பிவிசி பிளேட்டுக்குள் இருப்பது பெரும்பாலும் சிமென்ட் கலவை. வார்ப்பு இரும்பின் அடர்த்தி கான்கிரீட்டைப் போல சுமார் மூன்று மடங்கு, அதனால் அதே 5 கிலோ பிவிசியில் தடித் தடியாகத்தான் வரும். ஆரம்பத்தில் இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பலம் ஏற ஏற எடை கூட்ட வேண்டுமே, அப்போது டம்பெல் ராடில் பிடிக்கு இரண்டு பக்கமும் இருக்கிற கொஞ்ச இடத்தில் இரண்டு மூன்று பிளேட் போட்டதும் லாக் திருக மரையே மிஞ்சாது. பிளேட் மேலே பிளேட் வாங்கியும் பிரயோஜனமில்லை. தம்பியின் பிளேட் ஒன்று தையல் விட்டு, பெருக்கும்போதெல்லாம் சிமென்ட் தூள் வருகிறது, அம்மா திட்டுவது தனிக் கதை.

பிவிசிக்கும் நியாயம் சொல்ல வேண்டும். துருப்பிடிக்காது, தரையில் வைத்தால் சத்தம் குறைவு, மாடி வீட்டில் குடியிருப்பவர்களுக்கு அது பெரிய விஷயம். கடற்காற்று அடிக்கும் ஏரியாவில் இரும்பை அவ்வப்போது எண்ணெய்த் துணியால் துடைக்கத்தான் வேண்டும், கீழே ரப்பர் மேட்டும் போட வேண்டும்.

பெரியமேட்டில் நேரு ஸ்டேடியம் பக்கம் வரிசையாக விளையாட்டுப் பொருள் கடைகள். இரும்பு பிளேட்டைக் கிலோ கணக்கில்தான் விலை சொல்வார்கள், பேரம் பேசலாம். போகும் முன் துளை அளவை முடிவு செய்துவிடுங்கள்: ஓர் அங்குலத்தை ஒட்டிய சாதாரண ராடா, 50 மி.மீ. ஒலிம்பிக் ராடா என்று. ஒன்றின் பிளேட் இன்னொன்றில் சரியாக உட்காராது. ஒலிம்பிக் ராட் மட்டுமே 20 கிலோ, ஏழடிக்கு மேல் நீளம், நம் ஹாலில் அதை வைத்துத் திரும்பவே முடியாது, ஆகவே சாதாரண ராட் போதும். 1.25 கிலோ பிளேட் நான்கு கேட்டு வாங்குங்கள், கடைக்காரர் பெரிய பிளேட்டைத்தான் தள்ளப் பார்ப்பார். இந்தக் குட்டி பிளேட் இல்லாவிட்டால் டம்பெல்லில் ஒரேயடியாக 5 கிலோ ஏற்ற வேண்டி வரும், தோள்பட்டைப் பயிற்சியில் அது நடக்காத காரியம். தராசில் வைத்துக் காட்டச் சொல்லவும் கூச்சப்படாதீர்கள், பிளேட்டில் பொறித்த எடையும் உண்மை எடையும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிட முடியாது.

பெஞ்ச்? மடக்குவது, சாய்ப்பது, காலை மாட்டுவது எல்லாம் ஒன்றிலேயே இருக்கும் மலிவு மாடல்கள் ஆடுகின்றன. அந்த விலைக்குத் தட்டையான, கனமான குழாய் போட்ட பெஞ்ச் மேல். 120 கிலோ தாங்கும் என்று எழுதியிருந்தால் அதில் உங்கள் உடம்பும் அடக்கம், 80 கிலோ ஆள் படுத்தால் மிச்சம் 40தான்.

ரெசிஸ்டன்ஸ் பேண்ட், அதாவது இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை, விலைக்கு மோசமில்லை, முதுகுப் பயிற்சிக்கு நன்றாக உதவுகிறது. இழுக்க இழுக்கத்தான் இறுக்கம் கூடும் என்பதால் இன்று எத்தனை கிலோ இழுத்தோம் என்ற கணக்கு மட்டும் வராது. காம்போவில் வந்த ஹேண்ட் கிரிப்பர் இப்போது பக்கத்து வீட்டுப் பையனிடம் இருக்கிறது, திருப்பிக் கேட்கிற எண்ணமில்லை.