துன்ஹுவாங் மோகாவ் குகைகள்: ஏ டிக்கெட்டா, பி டிக்கெட்டா?

வடமேற்குச் சீனாவின் துன்ஹுவாங் நகருக்கு அருகே உள்ள மோகாவ், பழைய பௌத்த ஓவியங்கள் நிறைந்த குகைத் தொகுதி. அங்கே கையில் இருப்பது ஏ டிக்கெட் என்றால் நேராகக் குகைக்குப் போக முடியாது. துன்ஹுவாங் ரயில் நிலையத்தை ஒட்டிய டிஜிட்டல் காட்சி மையத்துக்குத்தான் முதலில் வர வேண்டும். தலா 20 நிமிடத்தில் இரண்டு படங்கள். இரண்டாவது படம் கவிகை மாடத் திரையில். பிறகு பேருந்தில் குகைகளுக்கு. படத்தைத் தவிர்க்க நினைக்காதீர்கள். குகைக்குள் விளக்கு இல்லை, வழிகாட்டியின் டார்ச் பட்ட இடம் மட்டுமே தெரியும், ஒரு குகையில் நிற்கக் கிடைப்பதும் சில நிமிடம்தான். படம் பார்த்தவருக்குத்தான் அந்த ஒளிவட்டத்தில் எதைத் தேடுவது என்று பிடிபடும்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை ஏ டிக்கெட் 238 யுவான், 8 குகைகள், நாளுக்கு 6,000 பேர். அது தீர்ந்தால் 100 யுவானுக்கு பி: 4 குகைகள், படம் கிடையாது. ஜூலை, ஆகஸ்ட், அக்டோபர் முதல் வாரம் என்றால் ஒரு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். பதிவில் கொடுத்த பாஸ்போர்ட்டையே கொண்டுபோக வேண்டும்.

இந்தக் கெடுபிடிக்கெல்லாம் காரணம் உப்பு. ஓவியங்கள் இருப்பது களிமண் பூச்சின் மேல். பூச்சிலும் பாறையிலும் உப்பு உண்டு. குகைக்குள் ஈரப்பதம் 62 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு ஈரத்தை இழுத்துக் கரையும். காயும்போது மறுபடி படிகமாகி வண்ணத்தைப் பெயர்த்துவிடும். ஒரு குழுவின் மூச்சே ஈரத்தைக் கூட்டும். அதனால்தான் மழை பெய்தால் குகைகளை மூடுகிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 40 மி.மீ. மழைதான், ஆனால் பெரும்பாலும் கோடையில், கூட்டம் அலைமோதும் நாட்களில். ஒரு நாள் கூடுதலாகத் தங்கத் திட்டமிடுவது நல்லது.

எந்தக் குகை என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. இதுதான் பெரிய குறை. 35.5 மீட்டர் புத்தர் இருக்கும் 96-ஆம் எண் குகையைப் பெரும்பாலும் காட்டிவிடுவார்கள். 1900-இல், குகைகளைப் பராமரித்துவந்த தாவோ துறவி வாங் யுவான்லு கண்டெடுத்த பழஞ்சுவடிகள் இருந்த 17-ஆம் எண் குகையில் இன்று அவை இல்லை. லண்டன், பாரிஸ், பெய்ஜிங் எனச் சிதறிவிட்டன. 45, 57, 220 போன்றவை சிறப்புக் குகைகள், தனிக் கட்டணம்.

துன்ஹுவாங் நிர்வாகத்தில் ஜியுசுவானுக்குக் கீழ்ப்பட்ட மாவட்ட நிலை நகரம்தான். பரப்போ சுமார் 31,200 சதுர கி.மீ., பெரும்பகுதி பாலை. அதனால் தூரங்களும் அதிகம்: பட்டுப்பாதையின் பழைய காவல் வாயிலான யுமென் கணவாய் ஏறக்குறைய 90 கி.மீ. தொலைவு. அதைக் குகைகளுடன் ஒரே நாளில் திணிக்க வேண்டாம். மிஞ்சும் நேரத்தைக் குகைகளுக்கு எதிரே உள்ள காட்சிக்கூடத்துக்குக் கொடுங்கள். 285-ஆம் எண் குகையின் முழு அளவு நகல் அங்கே இருக்கிறது. கூரை ஓவியத்தை நல்ல வெளிச்சத்தில், அவசரமில்லாமல் பார்க்கலாம்.