நுங்கம்பாக்கத்தில் நெடுநாள் குடியிருந்து பார்த்ததில்

மழைக்காலம் வந்துவிட்டால் நுங்கம்பாக்கத்தின் பெயர் தமிழ்நாடு முழுவதும் கேட்கும். சென்னையில் பெய்த மழையை மீனம்பாக்கத்தில் இவ்வளவு, நுங்கம்பாக்கத்தில் இவ்வளவு என்றுதான் செய்தியில் சொல்வார்கள். மற்றபடி வெளியில் இருப்பவர்களுக்கு இந்தப் பகுதி என்றால் வாடகைதான் நினைவுக்கு வரும். பல ஆண்டுகளாக இங்கே வாடகைக்குக் குடியிருக்கும் எனக்கு, கொடுக்கும் பணத்தில் பாதி வீட்டுக்கு என்றும் பாதி வெளியே உள்ள மரங்களுக்கு என்றும் தோன்றும். அந்த இரண்டாவது பாதியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

பழைய ஊர் இது. ராஜேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகளில் இதன் பெயர் வருகிறது. ஆங்கிலேயர் கைக்கு 1708-இல் வந்த ஐந்து கிராமங்களுள் இதுவும் ஒன்று. கோட்டைக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருந்த கம்பெனி அதிகாரிகளும் வணிகர்களும் கூவத்தின் தென்கரையில் பரந்த தோட்டங்களுக்கு நடுவே பங்களா கட்டிக்கொண்டார்கள். இந்தப் பகுதியின் செல்வாக்கு அப்போது தொடங்கியது. வாலஸ் கார்டன், ரட்லண்ட் கேட், ஸ்டெர்லிங் சாலை, ஹாடோஸ் சாலை என்று தெருப்பெயர்களில் அந்தக் காலம் இன்னும் இருக்கிறது. அகத்தீஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தால், இவை எல்லாவற்றுக்கும் முந்தைய கிராமத்தின் அளவு பிடிபடும்.

அந்தத் தோட்ட வீடுகளுக்கு என்ன ஆயிற்று என்பதில்தான் இன்றைய நுங்கம்பாக்கம் அடங்கியிருக்கிறது. தனியார் கையில் இருந்தவை கிரவுண்டு கிரவுண்டாகப் பிரிந்து அடுக்குமாடிகளாகிவிட்டன. நிறுவனங்களின் கைக்குப் போனவை பிழைத்தன. டவுட்டன் ஹவுஸ் அதற்கு நல்ல சாட்சி. 1875-இல் பதவி பறிக்கப்பட்ட பரோடா மன்னர் மல்ஹார் ராவ் கெய்க்வாடை அங்கேதான் தங்க வைத்திருந்தார்கள். 1915-இல் தொடங்கிய பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி மறு ஆண்டே அந்த வீட்டுக்குக் குடிவந்தது. தோட்டமும் தப்பித்தது. கல்லூரிச் சாலை என்ற பெயர் அந்தக் கல்லூரியால் வந்ததென்று பலர் நினைக்கிறார்கள். அது கம்பெனி அதிகாரிகளுக்குத் தென்னாட்டு மொழிகள் கற்பித்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியைக் குறிக்கும் பெயர். 1812-இல் அந்தக் கல்லூரி உருவாகக் காரணமாக இருந்த கம்பெனி அதிகாரி எல்லிஸ்தான், கால்டுவெல்லுக்கு 40 ஆண்டுகள் முன்பே, 1816-இல், தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பம் என்று எடுத்துக்காட்டியவர். தமிழ் படித்த எவரும் ஒருமுறையாவது அந்தச் சாலையில் நடக்க வேண்டும் என்பேன்.

அதே சாலையில் வானிலை மையம். 1792-இல் அங்கே வானாய்வகம் எழும்பியபோது நட்ட கருங்கல் தூணில் லத்தீனோடு தமிழிலும் தெலுங்கிலும் எழுத்துகள் பொறித்தார்கள். கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்திய ‘மதராஸ் நேரம்’ இங்கிருந்து கணித்ததுதான். பிற்பாடு ரயில்கள் அதைப் பின்பற்றி ஓடின. 1861-இல் நார்மன் பாக்சன் ‘ஏசியா’ என்ற சிறுகோளைக் கண்டதும் இந்த ஆய்வகத்திலிருந்துதான். 1899-இல் விண்ணாய்வு கொடைக்கானலுக்குப் போய்விட்டது. மழையை அளக்கும் வேலை இங்கேயே தங்கியது.

குடியிருப்பவனுக்கு இந்த வளாகங்களால் என்ன பயன் என்று கேட்கலாம். சித்திரை வெயிலில் தியாகராய நகரிலிருந்து நடந்து வந்து கல்லூரிச் சாலைக்குள் நுழைந்தால் உடம்பே பதில் சொல்லிவிடும். மதிலுக்கு மேலாகச் சாலையில் கவியும் தூங்குமூஞ்சி மரங்களை எந்த அடுக்குமாடியும் தராது. ஆனால் இவற்றில் பலவற்றின் வாயில்கள் நமக்குத் திறப்பதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். விடுமுறை நாள்களிலாவது அக்கம்பக்கத்துக் குழந்தைகளை உள்ளே விடலாம்.

ஏரிப்பகுதி வேறு கதை. மாம்பலம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியின் மிச்சத்தைத் தூர்த்துத்தான் அங்கே தெருக்கள் போட்டார்கள். 1976-இல் திறந்த வள்ளுவர் கோட்டமும் ஏரி இருந்த நிலத்தில்தான் நிற்கிறது. விலையில் குறைவில்லாத வீடுகள், அகலமான குறுக்குத் தெருக்கள். ஆனாலும் ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பெய்தால் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வருகிறது. அங்கே குடியிருந்த காலத்தில் கீழ்த்தளத்து வண்டிகளை மேட்டுத் தெருவில் கொண்டுபோய் நிறுத்துவது எங்கள் வழக்கமாகவே இருந்தது.

போக்குவரத்துக்குக் குறை சொல்ல மாட்டேன். 1931 முதல் மின்ரயில் ஓடும் தடத்தில் நிலையம் இருக்கிறது. லயோலா கல்லூரி மாணவர்களோடு காலையில் அதில் நெருக்கிக்கொண்டு போவதே ஒரு தெம்பு. உத்தமர் காந்தி சாலையை இன்றும் எல்லோரும் ஹைரோடு என்றே சொல்கிறார்கள். மாலை நேரத்தில் அதை நடந்து கடப்பது வயதானவர்களுக்குக் கொடுமை. காதர் நவாஸ் கான் சாலையின் கடைகள் வேடிக்கை பார்க்க அழகானவை, மாதச் சாமானுக்கு உதவாதவை. காய்கறிக்கும் மளிகைக்கும் கோயில் பக்கத்துத் தெருக்கள்தான்.

வீடு பார்க்க வருபவர்கள் தரகரிடம் வாடகையைப் பேசுவதற்கு முன் அந்தத் தெருவில் இஸ்திரி போடுபவரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். சென்ற மழையில் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது, கோடையில் எத்தனை வீட்டுக்கு லாரித் தண்ணீர் வருகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இரண்டுக்கும் நல்ல பதில் கிடைத்து, ஜன்னலுக்கு எதிரே ஏதாவது ஒரு வளாகத்தின் மரமும் தெரிந்தால், வாடகை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் முன்பணம் கொடுத்துவிடுங்கள்.