"ஒரு மாசம் பிரிக்காதீங்க" என்று சொல்லி ராணி எறும்பு விற்பவரிடம் கவனம்

வீட்டில் எறும்பு வளர்க்க ராணி எறும்பு வாங்கப் போகிறவர்கள், அதை அடைத்துத் தரும் டெஸ்ட் டியூப் கைக்கு வந்த அன்றைக்கே அதை நன்றாகப் பார்த்துவிடுங்கள். நான் பார்க்கவில்லை. 900 ரூபாய் போயிற்று. என் மகள் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு காத்திருந்த ஒரு மாதமும் போயிற்று.

எங்களுக்குப் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம். மகள் எட்டாவது படிக்கிறாள். எறும்பு வளர்க்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, பிறந்தநாளுக்கு அதுதான் வேண்டும் என்று நின்றாள். "சர்க்கரை டப்பாவத் திறந்து வைங்க மாமா, சும்மாவே வரும்" என்று மச்சான் சிரித்தான். அவனுக்குத் தெரியாது, இதற்கு உலகம் முழுக்கச் சந்தை இருக்கிறது. 2025-இல் கென்யாவில் இரண்டு பெல்ஜிய இளைஞர்கள் சுமார் 5,000 ராணி எறும்புகளோடு பிடிபட்டு, பத்து லட்சம் ஷில்லிங் அபராதம் விதிக்கப்பட்டார்கள். அவர்களும் எறும்புகளை டியூபில் பஞ்சு அடைத்துத்தான் வைத்திருந்தார்கள்.

விற்றவர் கோவைக்காரர், வாட்ஸ்அப்பில் பிடித்தோம். வேலந்தாவளம் பஸ் ஸ்டாப்பில் வந்து கொடுத்தார். செய்தித்தாளில் சுற்றி, டேப் ஒட்டிய டெஸ்ட் டியூப். "பிரிக்காதீங்ணா. வெளிச்சம் பட்டா முட்டையத் தின்னுரும். ஒரு மாசம் எட்டியே பாக்காதீங்க, சோறு தண்ணி எதுவும் வேண்டாம்." சரி என்று கொண்டுவந்து பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டோம்.

அவர் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. நான் ஏமாந்ததும் அங்கேதான். கலவி முடித்துச் சிறகை உதிர்த்த கட்டெறும்பு ராணி, குழிக்குள் அடைந்துகொண்டு, பறப்பதற்கு இருந்த தசையையே கரைத்து முதல் குஞ்சுகளை வளர்க்கும். அதுவரை அதற்குத் தீனி தேவையில்லை. அதிர்ச்சியும் வெளிச்சமும் தொடர்ந்து பட்டால் முட்டையைத் தின்றுவிடுவதும் உண்டு. இதையெல்லாம் நானே தேடிப் படித்தேன். ஆள் விவரமானவர் என்று நம்பிக்கைதான் கூடியது.

31-ஆவது நாள் பிரித்தோம். எறும்பு காலை மடக்கிக்கொண்டு செத்துக் கிடந்தது. பக்கத்தில் நாலைந்து வெள்ளைக் கூடுகள், பூஞ்சை பிடித்து. மகள் ஒன்றும் பேசவில்லை. நான்தான் போட்டோ எடுத்து, பொள்ளாச்சியில் விலங்கியல் எடுக்கும் நண்பருக்கு அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: "இது ராணியே இல்லையே. பெரிய தலைக் கட்டெறும்பு, வேலைக்காரி."

தலை பெருத்து, நடு உடம்பு ஒடுங்கி இருந்தால் அது வேலைக்கார எறும்புதானாம். ராணிக்குச் சிறகுத்தசை இருந்த நடு உடம்பு கூன் போட்டதுபோல் திரண்டிருக்கும். பக்கவாட்டில் சிறகு உதிர்ந்த தழும்பு தெரியும். வயிறும் பெரிது. போன் கேமராவில் பெரிதாக்கினாலே போதும். "முட்டை" என்று அவர் சொன்னதும் முட்டை இல்லை, ஏதோ புற்றிலிருந்து அள்ளிய கூட்டுப்புழுக்கள். முட்டை அதைவிட மிகச் சிறியது. கூட்டத்திலிருந்து பிரித்த வேலைக்கார எறும்பு தனியாக அதிக நாள் தாங்காது. எந்த வாரத்தில் செத்ததோ.

விற்றவரைக் கூப்பிட்டேன். "நீங்க அடிக்கடி எடுத்துப் பாத்திருப்பீங்க, அதான்." ஒரு முறைகூடப் பார்க்கவில்லை என்றேன். "அப்ப தண்ணி தீந்திருக்கும், நீங்க பாத்திருக்கணும்ங்ணா." அப்புறம், மாற்றிக் கொடுப்பது 7 நாளுக்குள் மட்டும் என்றார். நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லலாம் என்று பார்த்தால் கையில் பில் இல்லை, ஜிபேயில் பணம் போன கணக்கு மட்டும் இருக்கிறது. மறுநாள் என் எண்ணை முடக்கிவிட்டார்.

நண்பர் சொன்ன கணக்கு இது. முதல் நாள் டார்ச் அடித்து எல்லாப் பக்கமும் பார்க்க வேண்டும், வீடியோவும் எடுத்து வைக்க வேண்டும். ஒருநாள் வெளிச்சத்தால் எதுவும் கெட்டுவிடாது. அதற்குப் பிறகு வாரம் ஒரு முறை, அரை நிமிடம், டியூபை உருட்டாமல். டியூபைச் சுற்றிச் சிவப்புத் தாள் ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது, பெரும்பாலான எறும்புகளுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. பார்க்க வேண்டியது டியூபின் அடியில் பஞ்சுக்குப் பின்னால் தேக்கி வைத்த தண்ணீர் இருக்கிறதா, முட்டைகள் கூடுகின்றனவா என்பதுதான். நம் வெயிலுக்கு ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் முதல் வேலைக்காரர்கள் வந்துவிடுவார்கள், பொடிப்பொடியாக. தேன் துளியும் பூச்சித் துண்டும் அப்போதுதான். மிச்சத்தை மறுநாள் எடுத்துவிட வேண்டும். எல்லா இனத்துக்கும் இது பொருந்தாது. சில இனத்து ராணிகள் ஆரம்பத்திலிருந்தே இரை தேடித் தின்பவை, அவற்றை ஒரு மாதம் பட்டினி போட்டால் செத்துப்போகும். அதனால் இனத்தின் பெயரைக் கேட்காமல் வாங்காதீர்கள். பெயர் சொல்லத் தெரியாதவர் விற்றால் வேண்டவே வேண்டாம். ராணியோடு அஞ்சாறு வேலைக்காரர்களும் முட்டையும் இருக்கும் டியூப் விலை கூடுதல்தான், ஆனால் கண்ணால் பார்த்து வாங்கலாம்.

இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) முதல் மழை விட்ட சாயங்காலம், திண்ணை விளக்கடியில் சிறகு உதிர்த்த ஒன்றை மகளே பிடித்தாள். நண்பரிடம் காட்டி ராணிதான் என்று உறுதிப்படுத்திக்கொண்டோம். இப்போது அதே பீரோவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிறோம். மூன்றாவது ஞாயிறு பதினொரு முட்டை எண்ணினாள். மச்சான் பன்னிரண்டு என்கிறான்.