குறுங்கடனா, மானியமா? முதல் தவணைத் தேதியைப் பாருங்கள்

சிறுதொழில் செய்வோருக்கான பணத்தைக் குறுங்கடனாக, அதாவது குழுவாகச் சேர்ந்தவர்களுக்குத் தரும் சிறு கடனாகக் கொடுப்பதா, திருப்பிக் கேட்காத மானியமாகக் கொடுப்பதா என்று முடிவெடுக்கும் ஒரு குழுவில் இருந்தேன். மானியத்துக்குத்தான் கை தூக்கினேன். இன்றும் அதே பக்கம்தான். சுருதி மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

கடனின் பலம் தெரிந்ததுதான். வசூலான பணம் அடுத்தவருக்குப் போகும். மானியம் போனது போனதுதான். ஆனால் போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ ஆகிய நாடுகளில் நடந்து 2015-இல் ஒன்றாக வெளியான ஆறு ஆய்வுகளில், குறுங்கடன் வறுமையைப் புரட்டிப்போட்டதாக ஒன்றுகூடச் சொல்லவில்லை.

ஏன்? எல்லோரும் வட்டியைக் கைகாட்டுவார்கள். எனக்குப் பட்டது, முதல் தவணை விழும் தேதி. பணம் வாங்கிய பதினைந்தாம் நாளே கட்ட வேண்டுமென்றால் யார் தையல் இயந்திரம் வாங்குவார்? சட்டென்று விற்றுத் தீரும் சரக்கைத்தான் வாங்குவார். அதிலும் ஒரு பங்கைத் தவணைக்கென்று முடிந்து வைப்பார். கொல்கத்தாவில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். சிலருக்கு வழக்கம்போல இரண்டு வாரத்தில் தவணை தொடங்கியது. சிலருக்கு இரண்டு மாதம் கழித்து. மூன்றாண்டு போனபின் பார்த்தால், அவகாசம் கிடைத்தவர்களின் லாபம் கணிசமாக அதிகம். கடனைக் கட்டாமல் விட்டவர்களும் அவர்களில்தான் அதிகம். துணிந்து முதல் போட்டால் இரண்டும் சேர்ந்தேதான் வரும்.

மானியத்தில் அந்தத் தேதியே கிடையாது. இலங்கையில் 2005-இல் தொடங்கிய ஆய்வில் குலுக்கல் முறையில் 10,000 அல்லது 20,000 ரூபாய் கொடுத்தார்கள். போட்ட முதலுக்கு மாதம் ஏறக்குறைய 5 சதவீதம் வருமானம் வந்தது. எந்த வங்கி வட்டியும் அதற்கு அருகில் வராது.

சுருதி இறங்கியதும் இதே ஆய்வால்தான். அந்த லாபமெல்லாம் ஆண்கள் நடத்திய தொழில்களில். பெண்கள் நடத்தியவற்றில் சராசரியாக ஒன்றுமில்லை. வீட்டுக்குள் வந்த பணம் யார் தொழிலுக்குப் போகிறது என்பதை, கை தூக்கிய அன்று நான் யோசிக்கவே இல்லை.

கடன் திரும்பாவிட்டால் வங்கியின் நட்டத்தில் ஒரு பங்கை வேறொருவர் ஏற்கும் கடன் உத்தரவாதத் திட்டங்களையும் ஒப்பிட்டிருக்கலாம். அவை வங்கிப் படியேறும் அளவுக்கு வளர்ந்த தொழில்களுக்கானவை. நான் பார்த்ததெல்லாம் ஓராள் தொழில்கள். அந்தத் திட்டங்களைப் பற்றி என் பேச்சுக்கு எடை குறைவு.

கடன் மட்டும்தான் வழி என்றாகிவிட்டால், அரை சதவீத வட்டிக் குறைப்புக்காக மல்லுக்கட்டமாட்டேன். முதல் தவணையை இரண்டு மாதம் தள்ளிப்போடச் சொல்வேன், வாராக்கடனுக்குக் கூடுதலாக ஒதுக்கச் சொல்லிவிட்டு.