ஸ்லீவைப் பிரிக்க விடாதவரிடம் பறவை டெக் வாங்காதீர்கள்

வடசென்னையில் 'மேஜிக்: தி கேதரிங்' என்ற கார்டு ஆட்டம் ஆடுகிற எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். இப்போதுதான் ஆட ஆரம்பித்திருக்கிற பள்ளிப் பிள்ளைகளும், அவர்களுக்குப் பணம் கொடுக்கிற பெற்றோரும் கட்டாயம் படிக்க வேண்டும். பெரம்பூர் பக்கம் ஒரு மாடி அறையில் இருந்துகொண்டு, வாட்ஸ்அப் குழு வழியாகக் கார்டு விற்கிறார் ஒருவர். "தீம் மட்டும் சொல்லுங்க, டெக் நான் கட்டித் தரேன்" என்பது அவர் வாடிக்கையாகச் சொல்வது. டெக் என்றால் ஆடுவதற்காகத் தேர்ந்து சேர்த்த கார்டுக் கட்டு. நான் 14,500 ரூபாய் கொடுத்து அவரிடம் பறவை டெக் ஒன்று வாங்கினேன். அதிலிருந்த உயிரினக் கார்டுகளில் பாதி பறவையே இல்லை. விலை கூடிய கார்டுகள் எல்லாம் போலி. புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை. ஆனால் அவர் ஏமாற்றும் விதத்தை முழுதாகச் சொல்கிறேன். வேறு யார் இதே வேலையைச் செய்தாலும் உங்களுக்கு அடையாளம் தெரியும்.

பறவை டெக்தான் வேண்டும் என்று நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடிப் பக்கம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், மொட்டை மாடியில் புறாக்கூடு இல்லாத தெரு குறைவு. எங்கள் மாமா பந்தயப் புறா வளர்த்தவர். சாயங்காலம் அவற்றைப் பறக்கவிட்டுவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பார். 2024 ஆகஸ்டில் 'ப்ளூம்பரோ' தொகுப்பு வந்தபோது, அதில் வெள்ளையும் நீலமும் சேர்ந்த பறவைக் கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கு வேறு டெக் எதுவும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. அதில் 'காஸ்ட்ரல், தி விண்ட்கிரெஸ்டட்' என்று ஒரு பறவைத் தலைவன் கார்டு இருக்கிறது. உங்கள் பறவைகள் எதிராளியை அடித்தால், காஸ்ட்ரல் மூன்றில் ஒரு பலன் தரும். கையிலோ கல்லறையிலோ (ஆடி முடிந்த கார்டுகள் போகும் குவியல்) இருக்கும் இன்னொரு பறவையைக் களத்துக்குக் கொண்டுவரலாம், எல்லாப் பறவைகளுக்கும் வலு ஏற்றலாம், அல்லது ஒரு கார்டு எடுக்கலாம். கூட்டமாகப் பறந்து கூட்டமாக அடிக்கும் டெக். கட்டினால் இதைத்தான் கட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இப்படி ஒரு தலைவன் கார்டை வைத்து ஆடும் மேஜிக் வகைக்குக் கமாண்டர் என்று பெயர். அது தெரியாதவர்களுக்கு இரண்டு விதிகளைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மோசடி இந்த விதிகளுக்குள்தான் ஒளிந்திருந்தது. தலைவனோடு சேர்த்து மொத்தம் 100 கார்டு. சாதாரண நிலக் கார்டுகளையும், விதிவிலக்கு என்று கார்டிலேயே எழுதியிருக்கும் சிலவற்றையும் தவிர ஒரே கார்டு இரண்டு முறை இருக்கக் கூடாது. அடுத்தது நிறம். தலைவனிடம் இல்லாத நிறத்துக் கார்டு டெக்கில் வரவே கூடாது. காஸ்ட்ரல் வெள்ளையும் நீலமும் மட்டும்தான்.

இதையெல்லாம் அவருக்கு எழுதி அனுப்பினேன். "ண்ணா, கவலையே படாதீங்க, பேர்ட்ஸ் ஆஃப் பாரடைஸ் பழைய பிரிண்டே இருக்கு, அது இல்லாம பறவை டெக்கா?" என்று பதில் வந்தது. அது பச்சை நிறக் கார்டு, காஸ்ட்ரல் டெக்கில் சட்டப்படி வைக்க முடியாது என்று சொன்னேன். "அத கலெக்‌ஷனுக்கு வெச்சுக்கோங்கண்ணா, ரேட் ஏறும்" என்றார். அந்தக் கார்டு மேல் எனக்கு ஆசை இருந்தது உண்மை. 1993இல் வந்த முதல் தொகுப்பிலேயே இருக்கும் கார்டு அது. மார்க் பூல் என்ற ஓவியர் ஒரு தீவு நிலக் கார்டுக்கு வரைந்த படத்தில் பறவை பெரிதாகத் தெரிந்ததால், ஆட்டத்தை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் அந்தப் படத்துக்காகவே தனிக் கார்டு செய்தார். விற்றவர் எனக்குத் தருவதாகச் சொன்னது 1994இல் வந்த 'ரிவைஸ்டு' தொகுப்பின் வெள்ளை ஓர அச்சு. அதற்கு மட்டும் 3,500 ரூபாய்.

பணம் அனுப்பும்போது யூபிஐயில் குறிப்பு எழுதும் இடத்தில் "கைமாத்து" என்று போடச் சொன்னார். கார்டு என்று எழுதினால் வரிப் பிரச்சினை வரும் என்றார். பில் கிடையாது. இப்படி யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். வாங்கியது விற்றது என்பதற்கான தடயம் இல்லாமல் செய்யத்தான் இந்த ஏற்பாடு. நல்ல வேளையாக நான் குறிப்பில் டெக் என்றே எழுதினேன், இப்போது புகாருக்கு அதுதான் உதவுகிறது.

டெக்கைக் கொடுத்த இடம் வண்ணாரப்பேட்டை மெட்ரோ வாசல். ஒவ்வொரு கார்டும் இரட்டை ஸ்லீவில், அதாவது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் உறைகளில் இருந்தது, வெளி ஸ்லீவின் பின்புறம் முழுக் கறுப்பு. பார்க்க அழகு, பாதுகாப்பும்கூட. ஆனால் கூடவே ஒரு நிபந்தனை போட்டார்: "ஸ்லீவைப் பிரிச்சா ரிட்டர்ன் கிடையாது." மேஜிக் கார்டின் பின்பக்கம் 1993 முதல் மாறவில்லை. போலியைக் கண்டுபிடிக்க முதலில் பார்க்க வேண்டிய இடமே அதுதான். அதைப் பார்த்தால் பணம் திரும்பாது என்றால் என்ன வியாபாரம் அது? எங்கள் பக்கத்தில் புறா வாங்குகிறவர் இறக்கையை விரித்துப் பார்க்காமல் காசை எடுக்க மாட்டார். விற்கிறவரும் விரிக்காதே என்று சொல்ல மாட்டார்.

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகப் படித்தபோதுதான் முதல் மோசடி தெரிந்தது. படத்தில் இறக்கை இருக்கிறது, பறக்கும் திறனும் இருக்கிறது. ஆனால் படத்துக்குக் கீழே இருக்கும் வகை வரியில் 'கிரிஃபின்', 'டிரேக்', 'பெகாசஸ்' என்று போட்டிருக்கிறது. இந்த ஆட்டத்தில் அந்த வரி மட்டும்தான் பேசும். அதில் 'பேர்ட்' என்று இல்லாத கார்டு எவ்வளவு உயரம் பறந்தாலும் காஸ்ட்ரலுக்குப் பறவை இல்லை. அது அடித்தாலும் பலன் வராது, வலுவும் ஏறாது. ஃபீனிக்ஸ்கூடத் தனி வகைதான், பறவை இல்லை. மாறாக 'சேஞ்ச்லிங்' என்று எழுதியிருக்கும் கார்டு எல்லா வகையாகவும் கணக்காகும், ஆக அது பறவையும்கூட. டெக் கட்டத் தெரிந்தவர் அதைத்தான் போட்டிருப்பார். இதை ஃபோனில் கேட்டதற்கு அவர் சொன்னது: "பறக்குதுல்லண்ணா? அப்ப பறவைதான்." எல்லாம் தெரிந்துகொண்டே சொன்ன பதில் இது. மீதி விற்காமல் கிடந்த சரக்கை என் தலையில் கட்டியிருக்கிறார்.

'ஸ்வான் சாங்' என்ற கார்டைப் "பறவை கொடுக்கும் கார்டு" என்று பட்டியலில் எழுதியிருந்தார். நல்ல கார்டுதான், ஒரே ஒரு நீல மானாவில் (மானா என்பது கார்டைப் போடச் செலவாகும் சக்தி) எதிராளியின் மந்திரத்தைத் தடுக்கும். ஆனால் அது தரும் 2/2 பறவை (முதல் எண் அடிக்கும் வலு, அடுத்தது தாங்கும் வலு) எதிராளிக்குப் போகும், நமக்கு இல்லை. 'ஸ்டார்ம் க்ரோ' இரண்டு இருந்தது. 1996இல் வந்த காக்கைக் கார்டு, இரண்டு மானாவுக்கு 1/2 பறவை. பழைய ஆட்டக்காரர்களுக்கு அதன்மேல் தனிப் பாசம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் அது சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் சாதாரணக் கார்டு. அதற்கு 250 வீதம் போட்டிருந்தார், கமாண்டரில் இரண்டாவதை வைக்கவும் முடியாது.

அப்புறம் ஸ்லீவைப் பிரித்தேன். போலிகளை நான் கண்டுபிடித்த விதத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், வீட்டிலேயே செய்யலாம்.

கார்டின் பின்பக்கம் ஐந்து நிற வட்டங்கள் இருக்கும். அதில் பச்சை வட்டத்தை, குறைந்தது 30 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸால் பாருங்கள். அசலில் அதற்குள் நாலு சிவப்புப் புள்ளிகள் 'எல்' எழுத்துபோல நிற்கும். போலியில் பெரும்பாலும் இருக்காது, அல்லது தாறுமாறாகச் சிதறியிருக்கும். அதே லென்ஸால் முன்பக்க எழுத்துகளையும் பாருங்கள். அசலில் கறுப்பு எழுத்து தனியாக, முழுக் கறுப்பாக, ஓரம் சுத்தமாக அச்சாகியிருக்கும். ஸ்கேன் செய்து அடித்த போலியில் எழுத்தே நிறப் புள்ளிகளால் ஆனதாகத் தெரியும். என் பேர்ட்ஸ் ஆஃப் பாரடைஸ் இந்த இரண்டிலும் தோற்றது. லென்ஸ் வேண்டுமென்றால் சௌகார்பேட்டையில் நகைப் பட்டறைச் சாமான் விற்கிற கடைகளில் கேளுங்கள். ஆனால் சாதாரண 10 மடங்கு லென்ஸ் இதற்குப் போதாது.

லென்ஸ் இல்லையென்றால் செல்ஃபோன் டார்ச் போதும். உண்மைக் கார்டின் நடுவில் நீல நிற அடுக்கு ஒன்று உண்டு. சந்தேகமில்லாத ஒரு சாதாரணக் கார்டையும் சந்தேகக் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் அடித்துப் பாருங்கள். ஒளி கசியும் விதம் வேறாக இருந்தால் உஷாராகிவிட வேண்டும். கார்டை வளைத்துப் பார்க்கச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், அசலாக இருந்தால் அது பாழாகிவிடும்.

இன்னொரு அடையாளம் கண்ணாலேயே தெரியும். 2014இல் வந்த 'மேஜிக் 2015' தொகுப்பிலிருந்து ரேர், மித்திக் என்ற அரிய வகைக் கார்டுகளின் அடியில், நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு சின்ன ஹாலோகிராம் முத்திரை இருக்கும், திருப்பினால் மின்னும். எனக்கு வந்த 'ஃப்ளடட் ஸ்ட்ராண்ட்' என்ற ரேர் கார்டு அதே 2014இன் 'கான்ஸ் ஆஃப் டார்கிர்' அச்சு என்று சொல்லப்பட்டது. அதில் அந்த இடத்தில் வெறும் சாம்பல் நிற மை. 'ஹாலோட் ஃபவுண்டன்' கார்டும் அப்படியே.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நண்பர்களோடு ஆட, விலை கட்டாத கார்டுக்குப் பதிலாகப் பிரிண்ட் எடுத்து ப்ராக்ஸி வைப்பதில் எனக்கு எந்த எதிர்ப்பும் இல்லை, எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பாதிப் பேர் வைத்திருக்கிறார்கள். அது ப்ராக்ஸி என்று மேசையில் எல்லோருக்கும் தெரியும். அசல் என்று சொல்லி அசல் விலைக்கு விற்பது திருட்டு.

பணத்தைக் கேட்டதும் "ஸ்லீவைப் பிரிச்சுட்டீங்க, நீங்களே கார்ட மாத்தி வெச்சிருப்பீங்க" என்றார். குழுவில் இருந்து என்னை நீக்கினார், எண்ணையும் முடக்கினார். அதோடு போயிருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன். ஆனால் கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு ப்ளஸ் டூ பையன் எங்கள் கூட்டத்துக்கு வருவான். அவனும் அவரிடம்தான் டிராகன் டெக் வாங்கியிருக்கிறான். "அண்ணா, என்னோடதையும் பாருங்க" என்று கொண்டுவந்தான். லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு அவனிடம் சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை. லீவு நாளில் சித்தப்பாவின் மீன் வண்டியில் வேலை செய்து சேர்த்த காசு அது. அன்றைக்குத்தான் புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இணையப் பண மோசடிக்கு 1930 என்ற எண்ணை எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது, பணம் வேறு கணக்குக்குப் போவதற்குள் நிறுத்த வாய்ப்பு உண்டு. நுகர்வோர் உதவி எண் 1915. இரண்டுக்கும் பேசினேன். யூபிஐ ரசீது, பேச்சின் ஸ்கிரீன்ஷாட், அவர் அனுப்பிய விலைப் பட்டியல், கார்டுகளின் பின்பக்கப் படம் எல்லாம் கொடுத்திருக்கிறேன். இதே ஆளிடம் வாங்கியவர்கள் இருந்தால், பேச்சை அழிக்காதீர்கள், கார்டுகளை யாருக்கும் மாற்றிக் கொடுக்காதீர்கள். ஸ்லீவைப் பிரித்து இரண்டு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள். சோதிக்கத் தெரியாவிட்டால் டெக்கை ஞாயிற்றுக்கிழமை எடுத்து வாருங்கள், லென்ஸ் என்னிடம் இருக்கிறது. அந்தப் பையனுடைய புகாரை அவன் அம்மாவோடு போய் இந்த வாரம் கொடுக்கிறோம். கூட வருகிறவர்கள் வரலாம்.