ஃபிரேம்வொர்க் 16: வேண்டியதை மட்டும் போட்டு வாங்கலாம்

பெரிய திரையும் வேண்டும், பட்ஜெட்டும் தாண்டக்கூடாது என்றால் ஃபிரேம்வொர்க் லேப்டாப் 16-இன் டிஐஒய் (பாகங்களை நாமே மாட்டிக்கொள்ளும்) வகையைத்தான் சொல்வேன். ரேம், எஸ்எஸ்டி, விண்டோஸ் எதுவும் இல்லாமலே வாங்கலாம், பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய டிடிஆர்5 ரேம் பொருந்தினால் அதையே மாட்டிக்கொள்ளலாம், தனி கிராஃபிக்ஸ் கார்டைக்கூட இப்போது விட்டுவிட்டுக் கையில் பணம் வரும்போது சேர்க்கலாம். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். 16 அங்குலத் திரை 165 ஹெர்ட்ஸ், எழுத்துகள் பளிச்சென்று தெரிகின்றன. நம்பர் பேடை வலப்பக்கமோ இடப்பக்கமோ நம் விருப்பம். எடை 2 கிலோவுக்கு மேல், தினமும் சுமப்பவர்களுக்குச் சரிவராது. அப்புறம், 32 ஜிபி ரேம் வேண்டுமென்றால் ஒரே 32 ஆக இல்லாமல் இரண்டு 16 ஜிபி ஆகப் போடுங்கள், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாதபோது கிராஃபிக்ஸ் வேகத்தில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.